களிம்பால் வந்த தகுதிநீக்கம் நியாயமா?

கேள்வி (அந்தியூர்):
எங்கள் குருநாதசுவாமி கோவில் குதிரைச் சந்தையில் எழுந்த வாக்குவாதம் இது. அமெரிக்காவின் 2021 கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் முதலாவதாக வந்த மெதினா ஸ்பிரிட் என்ற குதிரை, தோல் களிம்பிலிருந்து சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட பீட்டாமெத்தசோன் என்ற மருந்துக்காக வெற்றியை இழந்தது முறைதானா, அண்ணன்மாரே?

பதில் (கோபி):
அது தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு அன்று, தம்பி. அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிகோஸ்டீராய்டு. சிகிச்சைக்குத் தரலாம் என்றாலும், மூட்டுவலி மறைந்த நிலையில் ஓடும் குதிரைக்குக் கால் முறியும் அபாயம் இருப்பதால், பந்தய நாளில் அது இரத்தத்தில் இருக்கக் கூடாது என்பதே அங்குள்ள விதி.

பதில் (பொள்ளாச்சி):
மூட்டில் போடும் ஊசியில் இருப்பது அந்த மருந்தின் அசிட்டேட் வடிவம், களிம்பில் இருப்பது வாலரேட் வடிவம் என்று குதிரைத் தரப்பு வாதாடியும், நடுவர்கள் அதை ஏற்காமல் 2022 பிப்ரவரியில், இரண்டாவதாக வந்த மாண்டலூனுக்கு வெற்றியை அளித்தார்கள். அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் மாண்டலூன் முதலாவதாக வரும் என்று பணம் கட்டியவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் பந்தயப் பணம் கிடைக்கவில்லை.