புதுப்பிப்பு: பாலத்தின் நுழைவில் ஏற்பட்ட பள்ளம் சரிசெய்யப்பட்டது

பாலத்தில் ஏறும் இடத்தில் சாலை தாழ்ந்து வாகனங்கள் அதிர்வதையும், உள்ளாட்சி அமைப்பு, மாநிலச் சாலைத்துறை ஆகிய இரண்டுமே அது தங்கள் பொறுப்பல்ல என்று கூறியதையும் முன்பு இங்கே எழுதியிருந்தேன். ஆலோசனை கூறிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, பாலத்தின் பக்கச்சுவரில் எழுதப்பட்டிருக்கும் பால எண்ணைக் குறிப்பிட்டு எழுதுமாறு ஒருவர் சொன்ன யோசனையே. அந்த எண் மாநிலத் துறையின் பதிவேட்டில் இருந்ததால், அதன்பின் பொறுப்பை மறுக்க வழியில்லாமல் போயிற்று. இடத்தை வர்ணித்து மட்டும் எழுதிய முந்தைய மனுக்களுக்குப் பதிலே வந்ததில்லை.

எதிர்பாராத செய்தி ஒன்று உண்டு: தார் தேய்ந்தது காரணமன்று. வெப்பத்தால் கான்கிரீட் விரிவதற்காகவே பாலத்தில் இணைப்பு இடைவெளி விடப்படுகிறது. 30 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி செல்சியஸ் வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீளும். அந்த இடைவெளியின் ரப்பர் அடைப்பு கிழிந்து, வடிகுழாய்களும் மண்ணால் அடைபட்டிருந்ததால், மழைநீர் உள்ளிறங்கி, பாலத்தின் முனைச்சுவருக்குப் பின்னால் நிரப்பிய மண்ணை அரித்துவிட்டது என்று ஆய்வுக்கு வந்த பொறியாளர் விளக்கினார். மேலே தார் மட்டும் போட்டிருந்தால் பள்ளம் மீண்டும் விழுந்திருக்கும்.

வெற்றிடத்தில் சிமெண்ட் கலவையைச் செலுத்தி, அடைப்பை மாற்றி, வடிகுழாய்களைத் துப்புரவு செய்த பின்னரே மேல்தளம் அமைத்தார்கள். இப்போது அதிர்வு இல்லை. இதே சிக்கல் உள்ளவர்கள் மனுவில் பால எண்ணுடன் வடிகுழாய்களின் நிலையையும் படத்துடன் சேர்த்து எழுதுங்கள்.