புதுப் பதிப்பை ஏழு நாள் காக்க வைக்கலாமா?

நொய்யல்கரை:
திருப்பூரில் எட்டுப் பேர் இருக்கிற ஆபீஸ் எங்களுடையது; பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். மற்றவர்கள் எழுதிய கோடுத் தொகுப்புகளை (பேக்கேஜ்) நெட்டிலிருந்து இறக்கித் தருகிற என்பிஎம்மை விட்டு, அதே வேலையைச் செய்கிற பிஎன்பிஎம்முக்கு மாறிவிட்டோம். ஒரு பேக்கேஜை டிஸ்க்கில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு எல்லா புராஜெக்டுக்கும் அங்கிருந்தே ஹார்டு லிங்க் போடுகிறது, அதாவது நகல் எடுக்காமல் அதே ஃபைலைக் காட்டுகிறது. பழைய லேப்டாப்பில்கூட இன்ஸ்டால் சட்டென்று முடிகிறது. அடுத்து, வெளிவந்து ஏழு நாள் ஆகாத பேக்கேஜ் பதிப்பு எதுவும் உள்ளே வராதபடி செட்டிங் போடப் போகிறேன்; கெட்ட கோடு கலந்திருந்தால் அதற்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். யாருக்காவது ஆட்சேபணை உண்டுங்களா?

சரவணம்பட்டியான்:
எனக்கு உண்டுங்க. 2025 டிசம்பரில் வெப் பக்கம் செய்யப் பயன்படுகிற ரியாக்டின் சர்வர் காம்பொனென்ட்ஸில் பாதுகாப்பு ஓட்டை வந்ததே, லாகின் இல்லாமலே சர்வரில் கோடு ஓட்டலாம் என்கிற அளவுக்கு. திருத்தத்தை அன்றைக்கே போட்டாக வேண்டியிருந்தது. ஏழு நாள் கதவைச் சாத்தி வைத்தால் திருடன் உள்ளே, நீங்க வெளியே.

நொய்யல்கரை:
அதற்குத்தான் காத்திருக்காமல் உள்ளே விடுகிற பேக்கேஜ்களின் விலக்குப் பட்டியல் இருக்குதுங்களே. அதே வருடம் செப்டம்பரில் சாக், டீபக் பேக்கேஜ்களுக்கு என்ன ஆனது? பராமரிப்பவருக்குப் போலி மெயில் அனுப்பி, கணக்கைப் பிடித்து, கிரிப்டோ திருடுகிற கோடைச் சொருகினார்கள். சில மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் இன்ஸ்டால் அடித்தவர்களுக்குத்தான் ஆபத்து.

சரவணம்பட்டியான்:
சில மணி நேரம்தானே? அப்புறம் எதுக்கு ஏழு நாள்? 2024-இல் எக்ஸ்இசட் என்கிற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் ஒளித்து வைத்த பின்கதவு ஒரு மாதத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. தூரத்து சர்வரில் நுழைகிற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஒருவர் நோண்டிப் பார்த்ததால்தான் வெளியே வந்தது. உங்கள் ஏழு நாள் அங்கே எடுபடாது.

மஞ்சள்மண்டி:
ஈரோட்டிலிருந்து ஒரு வார்த்தை. எந்தப் பேக்கேஜில் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கிற லாக்ஃபைலைப் பற்றி ஒருத்தரும் பேசக் காணோமே. திருப்பூர்க்காரருக்குத் தெரியாததா? ஒரே முப்பதாம் நம்பர் நூல்தான். ரெண்டு லாட்டைக் கலந்தால் சாயம் ஏறின பிறகு துணியில் கோடு கோடாகத் தெரியும். பதிப்பும் ஹேஷும் (ஃபைலின் கைரேகை மாதிரி) லாக்ஃபைலில் இருக்கிறது லாட் நம்பர் மாதிரி. எங்கள் பையன் ஒருத்தன் ரெண்டு பேர் கோடை ஒன்று சேர்க்கிற மெர்ஜில் இடித்தால் அந்த ஃபைலையே அழித்துவிட்டு இன்ஸ்டால் அடிப்பான். திட்டித் திட்டி ஓய்ந்து, இப்போது சர்வரில் லாக்ஃபைலில் இருக்கிறதை அப்படியே போடுகிற என்பிஎம் சிஐ கட்டளை மட்டும்தான். புராஜெக்டின் பேக்கேஜ் பட்டியலோடு லாக்ஃபைல் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று, பிஎன்பிஎம்மையும் போட்டுப் பார்த்ததில் பட்டது. பிஎன்பிஎம் 10-இலிருந்து பேக்கேஜ்களின் போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் (இன்ஸ்டால் ஆனதும் ஓடுகிற கோடு) தானாக ஓடாது. நல்லதுதான். ஆனால் பாஸ்வேர்டுக்கான பீகிரிப்ட் பேக்கேஜ் பில்ட் ஆகாமல் லாகின் பக்கமே விழுந்து எனக்கு அரை நாள் போனது. அந்த ஸ்கிரிப்டுகளைத் தவிர்த்தேன் என்று திரையில் சொல்லியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

நொய்யல்கரை:
லாட் கணக்கு சரிதானுங்க, எங்களிடமும் சர்வரில் அப்படித்தான். ஏழை மூன்று நாளாக்கிக்கொள்கிறேன்.

சரவணம்பட்டியான்:
மூன்று சரி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவசரத் திருத்தம் வந்தால் விலக்குப் பட்டியலில் யார் சேர்ப்பது? அதைச் சொல்லுங்க முதலில்.

நொய்யல்கரை:
நான்தானுங்க. வேற யாரு.