0.32 ரிவால்வருக்கு எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி (தோட்டக்காரர், கூடலூர்):
வணக்கம். அப்பா வைத்திருந்த கான்பூர் தயாரிப்பு 0.32 ரிவால்வர், வாரிசு முறையில் என் உரிமத்துக்கு மாறி ஆறு மாதமாகிறது. காப்பித் தோட்டத்தில் தனி வீடு என்பதால் தற்காப்புக்காக மட்டுமே அதை வைத்திருக்கிறேன். சாதாரண உருண்டை முனை ஈயக் குண்டே போதுமா, போட்டிகளில் பயன்படுத்தும் தட்டை முனை வாட்கட்டர் மேலானதா? தோல் பெல்ட்டில் அப்பா செருகி வைத்திருந்த பழைய தோட்டாக்களும் பன்னிரண்டு இருக்கின்றன.

மறுமொழி (ரைஃபிள் கிளப் உறுப்பினர்):
ஐயா, உங்கள் ரிவால்வருக்குரியது 0.32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்னும் தோட்டா. 1896-இல் வந்த இதன் வழக்கமான குண்டு 98 கிரெயின், அதாவது ஆறு கிராமுக்குச் சற்று மேல். வேகம், நான்கு அங்குலக் குழலில்கூட, வினாடிக்குச் சுமார் 700 அடிதான். இந்த வேகத்தில் முனையில் குழியுள்ள குண்டும் பெரும்பாலும் விரியாது என்பதால், விலை கூடிய வகைகளைத் தேடி அலைவதில் பயனில்லை. வாட்கட்டர், இலக்கு அட்டையில் துளையைச் சுத்தமாக வெட்டும். ஆனால் அதன் குண்டு பித்தளைக் கூட்டுக்குள்ளேயே அமிழ்ந்திருப்பதால், இருட்டில், கை நடுங்கும்போது, சிலிண்டரின் (தோட்டாக்கள் அமரும் சுழல் உருளையின்) துளைகளில் அதைச் செருகுவது சிரமம். உருண்டை முனையோ தானாக வழிதேடி உள்ளே இறங்கிவிடும். ஆகவே உருண்டை முனையையே வாங்குங்கள். உரிமம் அனுமதிக்கும் எண்ணிக்கையில் ஒரு பகுதியை, அதே பெட்டியிலிருந்தே எடுத்து, சுடுதளத்தில் சுட்டுப் பாருங்கள். இந்தச் சிறிய குண்டு எங்கே படுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பாளர்):
மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை. என் கவலையெல்லாம் அந்தப் பன்னிரண்டைப் பற்றியதே. தோல் பதனிடும் பொருள்கள் பித்தளையை அரிக்கும். கூட்டின் மேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கிப் பயன்படுத்த எண்ணாதீர்கள். ஈரம் உள்ளே போயிருந்தால் வெடிமருந்து பாதிதான் எரியும், குண்டு குழலின் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். ஒருவர் கொண்டுவந்த ரிவால்வரில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குண்டுகள் சிக்கி, குழல் மோதிரம் போட்டதுபோல் புடைத்திருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சுடும்போது வழக்கமான ஓசைக்குப் பதிலாகப் 'புஸ்' என்று கேட்டால் அடுத்த முறை விசையை அழுத்தக் கூடாது. சிலிண்டரில் உள்ள தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, பின்பக்கமாகக் குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று: பிஸ்டலுக்கான 0.32 ஏசிபி தோட்டாவும் இந்தச் சிலிண்டரில் நுழைந்துவிடும். பெயரில் 0.32 என்றிருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். லாங் தோட்டாவுக்கு வகுத்த அழுத்த வரம்பு 15,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), ஏசிபிக்கோ 20,500.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. பெல்ட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்பதில் களிம்பு ஏறியிருக்கிறது. மீதி மூன்றை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பாளர்):
வேண்டாம். பன்னிரண்டையும் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமே ஒப்படைத்து, உரிமப் புத்தகத்தில் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். புதியவற்றைத் தோலில் வைக்காமல், வந்த அட்டைப்பெட்டியிலேயே, ஈரம் அண்டாத பூட்டிய அலமாரியில் வையுங்கள். உங்கள் ஊர் மழைக்கு அது மிகவும் அவசியம்.