பழைய பட்டடை வாங்கலாமா? நடுவில் சத்தம் அடைக்குது

கேள்வி (களுவாஞ்சிகுடி):
அண்ணாமாரே, வீட்டோட சின்னக் கம்மாலை ஒன்று போடப்போறன். தாக்கத்தி, மண்வெட்டி, கோடரி வேலைதான். கல்முனையில் பழைய இரும்புக் கடையில் ஒரு பட்டடை, இரும்பை வைச்சு அடிக்கிற கட்டை, கிடக்கு. பக்கத்தில் 1 2 10 என்று வெட்டியிருக்கு. கடைக்காரர் 200 றாத்தல் என்று சொல்லி நிறைக்கணக்கில் காசு கேட்கிறார். மேல்முகம் புதுசா கிரைண்டர் பிடிச்சுப் பளபளக்குது, மற்றதெல்லாம் கறுப்புப் பெயின்ற். ஒரு ஓரம் உடைஞ்சிருக்கு. தட்டினால் கொம்புப் பக்கம் கணீரென்று கேட்குது, நடுவில் அடைக்குது. எடுக்கலாமா?

பதில் (ஏறாவூர்):
தம்பி, முதல் நிறையைப் பாருங்க. அது இங்கிலாந்துக் கணக்கு. முதல் இலக்கம் அந்தர் (112 றாத்தல்), அடுத்தது கால் அந்தர் (28 றாத்தல்), கடைசி றாத்தல். 112, 56, 10 கூட்டினால் 178 றாத்தல், கிட்டத்தட்ட 81 கிலோ. 200க்குக் காசு குடுக்காதீங்க. ஓர உடைவு பழைய பட்டடைக்குச் சகஜம். கிரைண்டர் பிடிச்சதுதான் எனக்குப் பிடிக்கல்ல. அந்தக் காலத்துப் பட்டடைக்கு உடம்பு தேனிரும்பு என்கிற மெதுவான இரும்பு, மேலே மட்டும் உருக்குத் தகடு. தேய்க்கத் தேய்க்க மெலியிறது அந்தத் தகடுதான்.

பதில் (வாழைச்சேனை):
சத்தத்தை மட்டும் நம்பாதீங்க. மண்ணில் புதைஞ்சு கிடந்தால் நல்லதும் அடைச்சுத்தான் கேட்கும். மரக்குத்தியில் தூக்கி வைச்சு, பழைய பெயாரிங் குண்டொன்றை 10 அங்குல உயரத்தில் இருந்து சும்மா விடுங்க. பக்கத்தில் அடிமட்டம் நிற்கட்டும். 7, 8 அங்குலம் எழும்பினால் நல்ல உருக்கு. பாதிகூட வராட்டி வார்ப்பிரும்பு, இல்லாட்டி தீயில் கிடந்து பதம் போனது. முகம் முழுக்க இடம் மாற்றி மாற்றிப் பாருங்க. சதுர ஓட்டைப் பக்கம் வால் மெல்லிசு, அங்க கொஞ்சம் குறைஞ்சால் பரவாயில்லை.

கேட்டவர்:
பார்த்தன். கொம்புப் பக்கம் 8. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு 4ஐத் தாண்டல்ல. அரம் போட்டால் எல்லா இடமும் வழுக்குது.

பதில் (ஏறாவூர்):
அரம் வழுக்கினால் பதம் இருக்கு. பதம் இருந்தும் குண்டு எழும்பல்லையென்றால் தகடு அடியில் உடம்போட ஒட்டு விட்டிருக்கும். ஓரத்தில் பெயின்றைச் சுரண்டி, ஒட்டின இடத்தில் மண்ணெண்ணெய் பூசித் துடைச்சு, சோக்குத் தூள் தடவுங்க. விட்ட இடத்தில் எண்ணெய் ஊறி வரும். மேலால வெல்டிங் பிடிச்சுத் தாறன் என்று சொன்னால் சம்மதிக்காதீங்க. அடியில் விட்டது ஒட்டாது, சூட்டில் இருக்கிற பதமும் போயிரும்.

கேட்டவர்:
நாலு விரல் நீளத்துக்கு ஈரக்கோடு வந்திட்டுது. வேணாம் என்று சொல்லிட்டன். பெரிய உபகாரம் அண்ணா.

பதில் (வாழைச்சேனை):
வேற கிடைக்கும்வரை தண்டவாளத் துண்டொன்றைக் குத்தென நிமிர்த்தி நட்டு, அதின்ர முனையில் அடியுங்க. படுக்க வைச்சால் அடி துள்ளும். தாக்கத்தி வேலைக்கு அது தாராளம்.