வேலிக்குள் வந்த வார்டன்: அமெரிக்காவில் நிலம் வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

தென் மாநிலம் ஒன்றில் காட்டு நிலம் வைத்திருப்பவர்:

வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியான கேம் வார்டன் யாருடைய நிலத்துக்குள்ளாவது சொல்லாமல் வந்திருக்கிறாரா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் நிலத்துக்குள் வந்தார். வந்தது மட்டுமல்ல, ஒரு கேமராவையும் மாட்டிவிட்டுப் போனார்.

எங்கள் நிலம் பெரும்பகுதி காடு. நடுவில் ஒரு ஓடையும், ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு மரக்குடிலும் உண்டு. வாயிலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம். எல்லை மரங்களில் ஊதா வண்ணம் பூசியிருக்கிறோம். பல மாநிலங்களில் அந்த வண்ணமே ‘உள்ளே வராதீர்கள்’ என்ற பலகைக்குச் சமம். மான் வேட்டைப் பருவத்துக்கு முன் பரணைச் சரிபார்க்கப் போனபோது, பாதையோரம் ஒரு கிளை புதிதாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டுவாய் இன்னும் வெள்ளையாக இருந்தது. எதற்காக வெட்டினார்கள் என்று நிமிர்ந்து பார்த்தால், எதிரே மரப்பட்டை நிறத்தில் ஒரு பட்டை, அதில் உள்ளங்கை அளவு கேமரா. அதன் பார்வை குடிலிலிருந்து ஓடைக்குப் போகும் பாதையின் மேல். கோடை முழுவதும் என் மகள்கள் நீந்தப் போகும் பாதை அது.

வார்டன் அலுவலகத்தை அழைத்தேன். பேசிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அக்கம்பக்கத்தில் யாரோ மக்காச்சோளம் கொட்டி மானை வரவழைப்பதாகப் புகார் வந்ததாம். வீட்டைச் சுற்றிய இடத்தைத் தவிர மற்ற நிலத்துக்குள் வர வாரண்ட்டும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம் என்றார். சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். கூட்டரசுச் சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் உடல், வீடு, ஆவணங்கள், கைப்பொருட்கள் ஆகியவற்றை நியாயமற்ற சோதனைகளிலிருந்து காக்கிறது. வெட்டவெளி, அதாவது வீட்டை ஒட்டிய இடத்துக்கு அப்பாலுள்ள நிலம், அதில் சேராது என்று 1924இல் ஹெஸ்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது கள்ளச் சாராய வழக்கு. 1984இல் ஆலிவர் வழக்கில் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னது. கென்டக்கியில் பூட்டிய வாயிலையும் ‘அத்துமீறி நுழையாதீர்’ என்ற பலகையையும் பார்த்த பிறகும் காவலர்கள் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அது செல்லும் என்று தீர்ப்பு. வீட்டை ஒட்டிய வளாகத்துக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு, ஆனால் அதன் எல்லை மிகக் குறுகலானது. 1987இல் டன் வழக்கில், வீட்டிலிருந்து 60 கஜம் தள்ளியிருந்த களஞ்சியம் கூட அந்த வளாகத்தில் சேராது என்றார்கள். எங்கள் ஓடை அதைவிட வெகுதூரம்.

வார்டன்கள் மீது எனக்குப் பகை இல்லை. இரவில், தனியாக, கையில் துப்பாக்கி வைத்திருப்பவர்களை எதிர்கொள்ளும் வேலை அது. விளக்கடித்து மானைச் சுடும் கூட்டத்தைப் பிடிக்க அவர் என் வாயிற்கதவின் சாவியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் என் பிள்ளைகளை இரவும் பகலும் படம்பிடிக்கும் கருவியை மாட்டுவதற்கு முன், ஒரு நீதிபதியிடமாவது அவர் காரணம் சொல்லியிருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

டென்னசியில் இதே போன்ற வழக்கை இரு நில உரிமையாளர்கள் தொடுத்தார்கள். அவர்கள் நிலங்களில் வாரண்ட் இல்லாமல் நடந்த சோதனைகள் மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று 2024 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலனிக் காலத்து பாஸ்டனில் சுங்க அதிகாரிகள் தம் விருப்பப்படி நுழைந்ததோடு அந்தச் சோதனைகளை ஒப்பிட்டது. அவர்களுக்குக் கிடைத்த இழப்பீடு தலைக்கு ஒரு டாலர்தான். இருந்தாலும் அந்தத் தீர்ப்பை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

பென்சில்வேனியாவில் வேட்டைக்குப் போகிறவர்:

கேமரா விஷயத்தில் மேலே எழுதிய நண்பரின் கோபம் நியாயமானது. ஆனால் வார்டன் நடந்து உள்ளே வருவதையும் அதோடு சேர்த்துத் தடுத்தால் காட்டில் ஒழுங்கு இருக்காது.

நான் வேட்டையாடுவது நண்பர் ஒருவரின் தனியார் நிலத்தில். மான் பருவத்தின் முதல் நாள் காலை, விடிந்து சிறிது நேரத்தில் வார்டன் வந்தார். தூரத்திலேயே குரல் கொடுத்து, கையை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் நெருங்கினார். உரிமத்தைப் பார்த்தார். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காக உடலில் 250 சதுர அங்குலத்துக்கு ஆரஞ்சு நிறம் இருக்கிறதா என்று பார்த்தார். நல்வாழ்த்துச் சொல்லிவிட்டு மேட்டின் பின்புறம் இறங்கினார். அந்தப் பக்கத்து நிலத்தில் ஆப்பிளும் சோளமும் குவித்து வைத்திருந்ததை அன்றுதான் கண்டுபிடித்தார். சாலையில் நின்றிருந்தால் அது அவர் கண்ணில் பட்டிருக்குமா? வாரண்ட் வாங்க வேண்டுமென்றால் ஆதாரம் வேண்டும். ஆதாரமோ வேலிக்கு உள்ளே கிடக்கிறது. அதற்குள் பருவமே முடிந்துவிடும்.

எங்கள் மாநில உச்ச நீதிமன்றம் 2007இல் ரூஸோ வழக்கில் வெட்டவெளிக்குப் பாதுகாப்பு இல்லை என்றது. அதுவும் கரடிக்குத் தீனி வைத்த விவகாரம்தான். டென்னசி, பென்சில்வேனியா இரண்டின் அரசியல் சட்டங்களிலும் ‘உடைமைகள்’ என்றுதான் எழுதியிருக்கிறது; தீர்ப்புகள் நேரெதிராக வந்திருக்கின்றன. என் மனம் எங்கள் தீர்ப்பின் பக்கம். மானும் கரடியும் நில உரிமையாளரின் சொத்து அல்ல, பொதுமக்களுடையவை. அவற்றைக் காப்பவர் வேலியோரத்தில் நின்றுவிட முடியாது.

ஆனாலும் வார்டன் வந்துவிட்டுப் போய்விடுகிறார். கேமரா போவதில்லை. அதற்கு நீதிபதியின் கையெழுத்து வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் வசிப்பவர்:

எங்கள் மாநிலத்தில் 1992இலேயே ஸ்காட் வழக்கில் இதற்கு வழி சொல்லிவிட்டார்கள். வேலி போட்டோ, பலகை வைத்தோ உள்ளே வரக்கூடாது என்று தெளிவாகக் காட்டியிருந்தால், அதிகாரிக்கும் அது பொருந்தும். அதனால் நாங்கள் பலகைகளை நெருக்கமாக வைத்து, வெயிலில் எழுத்து மங்கினால் உடனே மாற்றிவிடுவோம்.

இதனால் வேட்டைக் குற்றங்களைப் பிடிக்க முடியாமல் போய்விடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பருவம் முடிந்த பிறகு ஒரு மாலையில் அதிகாரி ஒருவர் வாயிலிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். சாலையிலிருந்து சுடப்பட்ட மான் ஒன்று எங்கள் நிலத்துக்குள் ஓடிவந்ததாகச் சொல்லி, இரத்தத் தடத்தைப் பின்தொடரலாமா என்று கேட்டார். நானே போய் வாயிலைத் திறந்து, வழுக்காத பாதையைக் காட்டினேன். மான் ஓடைக்கு அப்பால் கிடந்தது. சுட்டவரையும் பிடித்துவிட்டார்கள். போகும்போது அவர் தன் எண்ணைக் கொடுத்து, இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அழைக்கச் சொன்னார். அதன்பின் அழைத்தும் இருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் வாயிலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.