‘வாரம்’ என்று எழுதலாமா? சொல் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்காக, அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தைப் பற்றித் தமிழில் ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்: பிறர் நிலத்தில் உழுது விளைச்சலில் பங்கு கொடுக்கும் முறைக்கு (ஆங்கிலத்தில் sharecropping) தமிழில் என்ன எழுதுவது?

1865 ஜனவரி 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில், வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் கறுப்பினத் தலைவர்கள் 20 பேரைச் சந்தித்தார். அவர்கள் சார்பாகப் பேசியவர் 67 வயது போதகர் கேரிசன் ஃபிரேசியர். எங்களுக்கு நிலம் வேண்டும், எங்கள் உழைப்பால் உழுது பிழைத்துக்கொள்வோம் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். நான்கே நாளில், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை தரும் உத்தரவு ஷெர்மனிடமிருந்து வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

அதன்பிறகு விடுதலை பெற்றவர்களில் பலர் சிக்கியது இந்த ஏற்பாட்டில்தான்: நிலம், விதை, ஏர், குடிசை எல்லாம் முதலாளியுடையது, பருத்தி விளைச்சலில் பெரும்பாலும் பாதி அவருக்கு. அறுவடை வரை மாவும் துணியும் கடையில் கடன். கணக்குத் தீர்க்கும் நாளில் கையில் எதுவும் மிஞ்சாது.

இதை ‘வாரச் சாகுபடி’ (வாரம் என்றால் இங்கே விளைச்சலில் பங்கு) என்று சொல்லலாமா? ‘குத்தகை’ பொருந்தாது என்று நினைக்கிறேன், அதில் அளவு முன்பே முடிவாகிவிடும். உங்கள் ஊரில் பாதிக்குப் பாதி விளைச்சலுக்கு என்ன சொல்வார்கள்? விவசாயக் குடும்பத்தினர் சொன்னால் பெரிய உதவி. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.