அணு உலை விஷயத்தில் இவ்வளவு ரகசியம் தேவையா?

செம்பூர் வாணி:
எங்கள் கட்டிடக் கூட்டத்தில் ஒருவர், அணு உலையைப் பற்றிக் கேள்வி கேட்பதே தேசத்துரோகம் என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. நம் மும்பையிலேயே, பக்கத்தில் டிராம்பே, 1956இல் அப்சரா அணு உலை ஓடத் தொடங்கிய இடம். வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் தாராப்பூர் அணுமின் நிலையம், 1969இலிருந்து ஓடுகிறது. இங்கே குடியிருக்கிற நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

அணுசக்தி நகர் மூர்த்தி:
தாராளமாகக் கேளுங்கள் அம்மா. ஆனால் நான் முப்பது வருடம் கதிரியக்கப் பாதுகாப்பில் வேலை பார்த்தவன். மார்பில் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விட்டதில்லை. 2009இல் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில், குடிதண்ணீர் கூலரில் யாரோ உலையில் பயன்படும் கனநீரைக் கலந்துவிட்டார்கள். அதில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் இருந்தது. டிரிட்டியத்தின் கதிர் வலுவற்றது, பேட்ஜில் பதியாது. வழக்கமாக எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனையில்தான் பிடிபட்டது. உள்ளே அவ்வளவு கவனம் இருக்கிறது. அதற்காக உலையின் வரைபடத்தைத் தெருவில் ஒட்ட முடியுமா?

செம்பூர் வாணி:
வரைபடம் யார் சார் கேட்டது? 2019 அக்டோபரில் கூடங்குளத்துக் கணினியில் வைரஸ் என்று செய்தி வந்தது. முதல் நாள் அதற்கு வாய்ப்பே இல்லை என்றார்கள், மறுநாள் ஒப்புக்கொண்டார்கள். மாட்டியது நிர்வாக வேலைக்கான கணினி, உலையை இயக்கும் கணினி இல்லை. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! கூடங்குளத்துக்குப் பக்கத்தில் இடிந்தகரையில் இருக்கும் என் அத்தை அன்றைக்கு ராத்திரி தூங்கவே இல்லை.

தாராவி செல்வம்:
உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் 1993இல் நடந்ததையும் சொல்லுங்கள். டர்பைன் பிளேடு முறிந்து தீப்பிடித்து, நிலையத்துக்கு 17 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஊழியர்கள் டார்ச் விளக்கோடு மேலே ஏறி, உலை மீண்டும் இயங்கிவிடாமல் தடுக்கும் போரான் கரைசலைக் கையால் திறந்துவிட்டார்கள்.

அணுசக்தி நகர் மூர்த்தி:
அந்தத் தைரியம்தான் எங்கள் ஆட்கள். அணுகுண்டும் அணு மின்சாரமும் ஒரே அணுசக்தித் துறையின் கீழ் வளர்ந்தவை, அதனால்தான் 1962 அணுசக்திச் சட்டத்தில் தகவல் வெளியிட அவ்வளவு கட்டுப்பாடு வைத்தார்கள்.

செம்பூர் வாணி:
அந்த ஊழியர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் 1983இல் அமைத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், எந்தத் துறையைக் கண்காணிக்க வேண்டுமோ அதே துறைச் செயலர் தலைமையிலான ஆணையத்துக்குக் கீழேயே இருந்தது. 2012இல் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. இதைக் கண்டித்தது. மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் சுமார் 91 சதவீதம் வாரியத்தில் பதிவே ஆகவில்லை என்றும் எழுதியது. ஜப்பானிலும் இப்படித்தான், அணு மின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்துக்குள்ளேயே கண்காணிப்பும் இருந்தது. 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகுதான் பிரித்தார்கள்.

அணுசக்தி நகர் மூர்த்தி:
சரி, வாரியம் தனியாக நிற்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு சின்னக் கோளாறையும் வெளியே சொன்னால் ஜனங்கள் பயந்து ஊரைக் காலி செய்வார்கள்.

செம்பூர் வாணி:
சொல்லாமல் விட்டதால்தான் சார் அத்தை பயந்தார்.